சுவான்ஜோவில் தனியே சுற்றிப் பார்த்தல்: கேள்வி பதில்

கேள்வி: சீன மொழி தெரியாமல், வழிகாட்டியும் இல்லாமல் தென்கிழக்குச் சீனத் துறைமுக நகரான சுவான்ஜோவுக்குத் தனியே போய் வர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அருகிலுள்ள ஷியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஒத்த பெயருள்ள குவாங்ஜோ என்பது வேறு மாநிலத்து ஊர் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போது ஊர்ப்பெயரைச் சீன எழுத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடம் அங்கே பயன்படாது. கைபேசியில் பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் வங்கி அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். தெருவோரக் கடைக்காரர்கூட அதைத்தான் எதிர்பார்ப்பார்.

கேள்வி: அங்கே தமிழர் கட்டிய சிவன் கோயிலின் எச்சங்களை எங்கே பார்க்கலாம்?

பதில்: கோயில் இன்று இல்லை. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசரான கானின் உடல்நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியை அது சொல்கிறது. சிற்பங்களைக் காண 686இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயிலுக்குச் செல்லுங்கள். பெரும்பாலோர் முன்வாசலில் நின்று, 8 பட்டை 5 நிலை கொண்ட இரட்டைக் கல்கோபுரங்களைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அதன் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போங்கள். இடிந்த சிவன் கோயிலிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய இரு தூண்கள் அங்கே இருக்கின்றன. ஒரு வட்டத்துக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், இன்னொன்றில் உரலை இழுத்து இரு மரங்களைச் சாய்க்கும் கண்ணனும் நம் ஊர்க் கல்தச்சரின் சாயலிலேயே தெரிவார்கள். பக்கத்திலேயே சீன மூதாட்டிகள் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் மேலும் பல கற்கள் உள்ளன. அதற்கு அரை நாள் ஒதுக்கினாலும் போதாது என்பது என் கருத்து.

கேள்வி: மலை ஏறும் ஆசை உண்டு. தனியாகப் போகலாமா?

பதில்: நகருக்கு வடக்கே இருக்கும் சிங்யுவான் மலைக்குப் படிக்கட்டுப் பாதை உண்டு, ஆள் நடமாட்டமும் உண்டு. அடிவாரத்தில் சோங் அரசமரபின் காலத்தில் ஒரே பாறையில் வடித்த, தாவோ சமய ஞானி லாவோசியின் சிலை, 5 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், கூரையின்றி வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறது. அதோடு திரும்பிவிடாமல் மேலே ஏறுங்கள்; கூட்டம் குறைந்து ஊற்றுகளும் பாறை எழுத்துகளும் தொடங்குவது அதன் பிறகுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலமாதலால் தவிர்ப்பது நல்லது. அக்டோபருக்குப் பின் நடப்பதற்கு இதமாக இருக்கும்.

கேள்வி: லுவோயாங் பாலத்துக்காக ஒரு நாள் செலவிடலாமா?

பதில்: அரை நாள் போதும், ஆனால் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். 1053 முதல் 1059 வரை ஆற்றுமுகத்தில் கட்டிய கற்பாலம் அது. அடித்தளக் கற்கள் அலையில் பெயராமல் இருக்க அவற்றின்மீது சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து கற்களைப் பிணைத்துவிட்டன. நீர் வடிந்தால்தான் படகு முனைபோன்ற தூண்கள் முழுதாகத் தெரியும். அருகிலுள்ள அலையாத்திக் காட்டில் கொக்குகள் இரை தேடுவதையும் பார்க்கலாம்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் உண்ண வேண்டும். காலையில் விற்கும் சேமியாக் கஞ்சி பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாற்றிலோ கடலுணவுச் சாற்றிலோ கொதித்ததாக இருக்கும். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களை நாடுங்கள்; இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.