துத்தநாகக் கட்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது?

கேள்வி: மலேசியாவின் லங்காவியில் 36 அடி ஃபைபர் பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறோம். வருடாந்தர வேலைக்காகப் படகைக் கரையேற்றினோம். ஆறு மாதத்துக்கு முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில், மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிந்து அவற்றைக் காக்க மாட்டிய துத்தநாகக் கட்டை முக்கால்வாசி கரைந்திருக்கிறது. ஏன்? மறுபடி இறக்குமுன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: படகுத்துறையிலிருந்து வரும் கரை மின்சாரத்தை எப்போதும் செருகியே வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் அதன் எர்த் கம்பி மேல்தான். அது உங்கள் படகின் உலோகங்களைப் பக்கத்துப் படகுகளோடு இணைத்துவிடுகிறது; உங்கள் துத்தநாகம் அவர்களுடைய வெண்கலத்தையும் சேர்த்துக் காக்கிறது. எர்த் கம்பியில் கால்வனிக் ஐசோலேட்டர் (அரிப்பை உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் கருவி) பொருத்துங்கள். கம்பியையே துண்டித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கட்டை பாதி கரைந்ததுமே மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டைப் பளிச்சென்று தேய்த்து, வெறும் உலோகத்தின் மேல் இறுக்குங்கள். கட்டையில் பெயின்ட் பட்டால் பயனில்லை.

படகின் அடியிலுள்ள சீகாக் வால்வுகளை (கடல்நீர் போய்வரும் துளைகளைத் திறந்து மூடுபவை) கழற்ற இதுதான் தருணம். கத்தி முனையால் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் நல்லது. இளஞ்சிவப்பு தெரிந்தால் பித்தளையின் துத்தநாகம் அரித்துப்போய், ஒரு தட்டில் உடையும் நிலை. மாற்றாமல் இறக்கவே கூடாது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பழையதில் இதழ் குறைந்திருந்தால், அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பகுதி) சிக்கியிருக்கலாம். எடுக்காவிட்டால் எஞ்சின் சூடேறும். புதியதற்கு கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். கிளிசரின் தடவுங்கள்.

கரையில் இருக்கும்வரை பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். வெளியே வழிந்த இடத்தில் படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்ட் ஒட்டாது.