கிறிஸ்தவ வாழ்வில் தாழ்ச்சியையும் பிறர் பணியையும் அன்றாடம் எப்படிப் பழகுவது?

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் பங்கு எங்களுடையது. 2022இல் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். பங்குச் சபைக்கு அப்போது நான் செயலாளர். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை என்று பொதி கட்டி, கோயில் முற்றத்தில் வைத்துக் கொடுத்தோம். காசு தந்தவர்களுக்கு அனுப்ப வேண்டுமே என்று ஒவ்வொருவரையும் படம் எடுத்தோம். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா பொதியை வாங்கிக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். "அம்மா, ஒருக்கா இஞ்சால பாருங்கோ" என்றேன்.

சொன்ன வாய் மூடமுதல் உடம்பு கூசிவிட்டது. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே வரிசையில் நின்ற என் அம்மாவிடம், பிஸ்கட் கொண்டுவந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். அம்மா பார்த்தார். சிரிக்கவும் செய்தார். கூடாரத்துக்கு வந்ததும் பிஸ்கட்டைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தார். ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். 13 வருடத்தில் கமராவின் மற்றப் பக்கம் வந்து நின்றதும் மறந்து போய்விட்டது.

அடுத்த நாள் பொழுதுபட மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "இருங்கோ தம்பி" என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார். ஈர விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதினார். "வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று பொய் சொன்னேன். அவர் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் தாறதை நாங்கள் வாங்கவேணும். நான் தாறது உங்களுக்கு வேண்டாமோ?"

குடித்தேன். ஒரு கையில் கோப்பை, மற்ற உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. நான் கடித்துக் கடித்துக் குடிக்க, அவர் வாசலில் குந்தியிருந்து, காற்றில் முறிந்த முருங்கை திரும்பத் துளிர்த்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் முற்றத்தில் முகத்தைத் திருப்பியவர் அங்கே இல்லை. அவர் வீட்டுக்காரி, நான் விருந்தாளி.

தாழ்ச்சி என்றால் குனிந்து கொடுப்பது என்றே அதுவரை விளங்கி வைத்திருந்தேன். எவ்வளவு குனிந்து கொடுத்தாலும் கொடுக்கிற கைதான் மேலே இருக்கிறது. வாங்கும்போதுதான் அது கீழே போகிறது. 'ஏற்பது இகழ்ச்சி' என்று சின்ன வகுப்பிலேயே பாடமாக்கியவர்கள் நாங்கள். அந்த இகழ்ச்சியை மற்றவனுக்கு விட்டுவிட்டு 'ஐயமிட்டு' உண்பதை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரப் பெரிய வியாழனில் செய்யும் பாதம் கழுவும் சடங்கை நினைத்துப் பாருங்கள். எங்கள் கோயிலில் அதற்குத் தெரிவாகும் 12 பேரும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நகமும் வெட்டிக்கொண்டுதான் வந்து இருப்போம். அழுக்குக் காலைப் பாதரின் கையில் கொடுக்க மனம் வராது. அது மரியாதை என்று நினைக்கிறோம். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்கும் அந்த மரியாதைதான் வந்தது. என் காலை நீர் ஒருநாளும் கழுவக்கூடாது என்று மறித்தார். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று இயேசு சொல்லிவிட்டார். எனக்கு அது இப்போது கடுமையான வசனமாகத் தெரிகிறது. கழுவவிடாத காலும் அகங்காரம்தான்.

அதே நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், களைத்துப்போய் மத்தியான வெயிலில் கிணற்றடியில் இருந்த இயேசு, சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கிணறு ஆழம், அவரிடம் வாளி இல்லை. வன்னியில் கோடை கண்டவர்களுக்கு இது எவ்வளவு கையறு நிலை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புனித யோசவ் வாஸ் முனிவரும் இந்த வழியால்தான் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து, கடும் வயிற்றுளைவோடு யாழ்ப்பாணம் சேர்ந்தார். தேறியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தங்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியபோது அவர்களைத் தொட்டுப் பராமரித்தது அதே கைதான், முன்பு வாசலில் நீட்டிய கை. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் அவரைப் புனிதராக்கிய பாப்பரசர் பிரான்சிஸ் அன்று பிற்பகலே மடு மாதா கோயிலுக்கு வந்தார். அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். யோசவ் வாஸ் முனிவரின் பிச்சைப் பாத்திரம் அன்று எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் பங்கில் அதன்பிறகு படம் எடுப்பதை விட்டோம். "படம் இல்லாமல் எப்படி நம்புறது?" என்று காசு அனுப்பும் அண்ணை ஒருவர் கோபித்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். கடைப் பற்றுச்சீட்டுகளையும், பாதர் கையெழுத்து வைத்த கணக்கையும் அனுப்பிவைக்கிறோம். சிலர் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், வருத்தம்தான். பொதியைப் பொழுதுபட்ட பிறகு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போகிறவர் அங்கே பத்து நிமிடமாவது இருந்து, தருவதைக் குடித்துவிட்டு வரவேண்டும். பெரிய வெள்ளிக் கஞ்சிக்குத் தேங்காய் திருவ அந்த அம்மாவைக் கேட்டோம். தன் சொந்தத் திருவலையோடு வந்தார்.

இன்னுமொருவர் இருக்கிறார். போரில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ஞாயிறு பின்னேரங்களில் போவேன். முதல் நாள் நல்லது செய்கிற வேகத்தில், கேட்காமலே பிடித்துத் திருப்பினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் வந்து செபிச்சிட்டுப் போறியள். தலையணையை எங்க வைக்கிறதெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

நீங்கள் கேட்ட 'அன்றாடம்' எனக்கு இந்தக் கேள்விதான். முழங்காலுக்கு நடுவில் ஒன்று, கணுக்காலுக்குக் கீழே ஒன்று, குதி பாயில் முட்டக்கூடாது. அவர் சொல்லச் சொல்லச் செய்தால் பிழைக்காது. எனக்குத் தெரியும் என்று தொடங்குகிற நாளில்தான் ஏதாவது பிழைக்கிறது.

படுத்தபடியே அவர் தொலைபேசி திருத்துவார். போன மாதம் என் தொலைபேசியின் திரை உடைந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். நெஞ்சில் ஒரு பலகையை வைத்து, அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தார். காசை நீட்டினேன். "வையுங்கோ" என்றார். பிள்ளைகளைச் சாட்டியாவது எப்படியும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் மனம் ஓடியது. மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு நன்றி சொன்னேன். இந்தப் பதிலை அந்தத் தொலைபேசியில்தான் எழுதுகிறேன்.