சென்னையில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் விழா நடத்துகிறோம். கலந்துரையாடலுக்கு என்ன தலைப்புகள் வைக்கலாம்?

நீங்கள் கல்லூரி மாணவராகத்தான் இருக்க வேண்டும். வாட்ஸப் குழுவில் இதற்குள் இருபது தலைப்பு குவிந்திருக்கும், பாதி "கோகுவா, சைட்டாமாவா, எந்த ஹீரோ ஜெயிப்பான்" வகையறா. குறை சொல்லவில்லை, அதற்கும் கூட்டம் வரும். ஆனால் ரெண்டே பேர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

நான் முதலில் சொதப்பியது வேறு விதம். சில வருடங்களுக்கு முன் வடபழனிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த சந்திப்பில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஒசாமு தெசுகா என்ற ஜப்பானியர் புத்தர் வாழ்க்கையை வைத்து வரைந்த 'புத்தா' மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, எடுத்துக்கொண்டேன். 1972 முதல் 1983 வரை வெளிவந்தது. அதில் வரும் தத்தா என்ற திருட்டுப் பையன் தெசுகாவின் சொந்தக் கற்பனை. இதற்கு மட்டுமே பதினோரு ஸ்லைடு. நம் நாட்டுக் கதையை ஜப்பான்காரர் சொன்ன விதம் என்றால் ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். வந்தது ஆறு பேர், அதில் ஒருவர் ஃபேன் காற்றுக்காக வந்தவர். யாரும் அதைப் படித்ததில்லை. படிக்காததைப் பற்றி என்ன பேசுவார்கள், பாவம்? (தெசுகா ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எட்டுத் தொகுதியும் என் அலமாரியில் இருக்கின்றன.)

அடுத்த முறை "ஷின்சானைக் குழந்தைகள் பார்க்கலாமா?" என்று வைத்தேன். குழுவில் சிரித்தார்கள். ஜப்பானில் ஷின்சான் என்ற வாலுப் பையனின் மாங்கா 1990-ல் பெரியவர்களுக்கான வார இதழில் தொடங்கியது, நம் வீடுகளில் அதே பையன் தமிழ் பேசிக்கொண்டு சோறு ஊட்டும் நேரத்துக்கு வந்துவிட்டான். இவ்வளவுதான் சொன்னேன், மைக்கைக் கீழே கொடுத்துவிட்டேன். பையனைக் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "சார், இவன் எங்க மாமனார் முன்னாடி ஷின்சானோட அந்தப் பின்பக்க டான்ஸை ஆடிட்டான். ரெண்டு நாள் அவர் எங்கிட்ட பேசல. ஆனா அவரும் உக்காந்து பார்ப்பாரு சார்."

அப்புறம் மைக் என் கைக்கு வரவே இல்லை. ஜப்பானிய மொழி படிக்கும் ஒரு பெண், "அங்கே வதாஷி, போகு, ஓரெ என்று ஆளுக்கேற்ப 'நான்' மாறும். தமிழில் ஒரே 'நான்'தானே, டப்பிங்கில் என்ன செய்வது?" என்று கேட்டார். ஒருவர் உடனே, ஓரெ என்று முரட்டுத்தனமாகச் சொல்கிறவனை வடசென்னைத் தமிழில் பேச விடலாம் என்றார். ராயபுரத்துப் பையன் ஒருவன் விடுவானா? "முரடன்னா எங்க ஏரியா பாஷையா?" மண்டபத்துக்காரர் விளக்கை அணைத்த பிறகும் வாசலில் நின்று பேசினோம்.

ஆகவே தமிழ் டப்பிங்கை வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. சப்டைட்டிலோடு பார்ப்பவன்தான் ரசிகன் என்போர் கீழே வந்து திட்டுவார்கள், திட்டட்டும். நானும் பெரும்பாலும் சப்டைட்டிலில்தான் பார்க்கிறேன். ஆனால் டப்பிங் என்றால் எல்லோரிடமும் சொல்ல ஒரு சங்கதி இருக்கும். அந்தப் பெண்ணின் 'நான்' கேள்வியையே தலைப்பாக்கலாம். மேடையில் ராயபுரத்துக்காரர் ஒருவராவது இருக்கட்டும்.

இன்னொன்று. அன்று ப்ரொஜெக்டருக்கு நான் கொண்டுபோன எச்டிஎம்ஐ கேபிள் இன்னும் திரும்பி வரவில்லை. பத்து மீட்டர், என் காசு. ஏற்பாட்டாளரிடம் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் "பார்க்கிறேன் ப்ரோ". உங்கள் கேபிளில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.