தயிர்தானே என்று வாங்கிய கப்

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் ஃப்ரோசன் யோகர்ட் வாங்கினேன். தயிர்தானே, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். கேட் வாசல் சோதனையில் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றதும் அவசரமாக விழுங்கி முடித்தேன். விமானத்தில் வயிறு உப்பிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 260. தை மாதம் மறுபடி போகிறேன். இனி இதைத் தொடவே கூடாதா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள ஆச்சி, தொடலாம். ஆனால் இதைத் தயிர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், ஐஸ்கிரீம் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் உறை ஊற்றிய தயிரில் 100 கிராமுக்கு நாலைந்து கிராம் பால் சர்க்கரைதான் இருக்கும். மெஷினிலிருந்து சுருள் சுருளாக விழும் இதில் அதே எடைக்கு ஏறக்குறைய 20 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். வெறும் தயிரை உறைய வைத்தால் கல்லாகிவிடும். சர்க்கரை சேர்ந்தால்தான் அந்தக் குளிரிலும் குழைவாக நிற்கும். சில்லிட்ட நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால் இன்னும் கூட்டிப் போடுகிறார்கள். புளிப்பை நம்பி எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். நாமே பிடித்துக்கொள்ளும் கடையில் பெரிய கப்பை நிரப்பினால் 250 கிராம் சாதாரணமாக வந்துவிடும். மேலே தூவும் சாக்லேட், ஜெல்லி தனிக் கணக்கு.

ஆகவே இருப்பதிலேயே சின்ன கப், ப்ளெயின், மேலே நறுக்கிய பழமோ பாதாமோ மட்டும். அதையும் வீட்டுக்காரரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால், சார்பிடால் என்ற இனிப்புகளைச் சேர்த்திருந்தால் அவை குடலில் புளித்து வாயு உண்டாக்கும்.

உங்கள் வயிறு உப்பியதற்கு அவசரமும் ஒரு காரணம். வேகமாக விழுங்கும்போது காற்றும் உள்ளே போகிறது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைந்துவிடும். வயிற்றிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை, ஏனென்றால் இதில் பல கடைகளில் பால் பவுடரும் சேர்க்கிறார்கள். போர்டிங் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடுங்கள்.

சோதனை விஷயம்: பாதுகாப்புச் சோதனையில் இதுவும் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்பார்களே, அந்த 100 மில்லி என்பது பாத்திரத்தின் அளவு. 200 மில்லி கப்பில் கால்வாசி மிச்சமிருந்தாலும் விடமாட்டார்கள். திருச்சியில் இமிக்ரேஷன் தாண்டிச் சோதனையும் முடிந்த பிறகுதான் கடைகளும் கேட்டும். அங்கே வாங்கினால் கவலையில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 டெர்மினல்களில் கடைகளைத் தாண்டி, கேட் வாசலில்தான் சோதனை. அங்கே கப்பை முடித்துவிட்டுத்தான் கேட்டுக்கு நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கும் இதே கதிதான்.

பசிக்குத்தான் தேடினீர்கள் என்றால் கைமுறுக்கு இரண்டு, வறுத்த கடலை ஒரு கைப்பிடி பையில் இருக்கட்டும், சோதனையில் தடுக்கமாட்டார்கள். மாத்திரையும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை இறங்கியதாகத் தெரிந்தால் மட்டும் ஃப்ரோசன் யோகர்ட்டைத் தேடிப் போகாதீர்கள். அதிலுள்ள பாலும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.