தாவரவியல் மாநாட்டுக்கு வருகிறவர்கள் கேட்டவை

கேள்வி: கடைசி நாள் மத்தியானம் நெடுந்தீவுக்குப் போய், இரவு விருந்துக்குத் திரும்பலாமா?

முடியாது. யாழ் நகரிலிருந்து குறிகட்டுவான் படகுத்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணி நேரம். விடியப் புறப்படுங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கேள்வி: நெடுந்தீவுப் பெருக்கமரத்தின் (பாவோபாப்) படம் பார்த்தேன். ஓர் இலைகூட இல்லை. பட்ட மரத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

தாவரவியல் படித்தவர் கேட்கும் கேள்வியா இது? வறட்சியில் இலை உதிர்ப்பது பெருக்கின் இயல்பு. அடிமரப் பொந்துக்குள் ஆளே நுழையலாம். நுழைகிறவர்கள் கத்தியை வெளியே எடுக்க வேண்டாம். பட்டையில் பெயர் வெட்டியவர்கள் ஏற்கெனவே போதும். வழிகாட்டி சொல்லும் வயதையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். பொந்தான மரத்தில் எந்த வளையத்தை எண்ணுவது?

கேள்வி: பூநாரைகளை எங்கே பார்க்கலாம்?

சுண்டிக்குளம். மாரி ஓய்ந்தபின், தை மாசியில்.

கேள்வி: எங்கள் கல்லூரி உலர்தாவரத் தொகுப்புக்குக் கார்த்திகைப்பூச் செடி ஒன்றைக் கிழங்கோடு கொண்டுபோக விரும்புகிறோம். எங்கே தோண்டலாம்?

எங்கேயும் தோண்டக்கூடாது. ஆண்டுதோறும் யாராவது இதைக் கேட்கிறார்கள், ஆண்டுதோறும் எனக்குக் கோபம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவைத் தென்மராட்சி ஒழுங்கை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். கிளுவை வேலியில் நாலைந்து கொடிகள் ஏறியிருந்தன. நான் வீட்டுக்கார அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துத் திரும்புவதற்குள், ஒருவர் கலப்பை வடிவக் கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கார்த்திகையில் அந்த இடத்தில் கொடி இல்லை. அந்த அம்மா அதன்பின் என்னோடு சரியாகப் பேசுவதுமில்லை.

கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. வெறுங்கையால் கிண்டி, அதே கையால் வடை தின்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். சட்டமும் இருக்கிறது: 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். தேசிய பூங்காவுக்குள் அனுமதியின்றி ஒரு புல்லையும் பிடுங்க முடியாது. மாநாட்டு அட்டை அனுமதிப் பத்திரம் அல்ல.

பார்க்க வேண்டியதை நின்று பாருங்கள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருக்கும். சூல்தண்டு பூவின் அடியில் சட்டென மடங்கிப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். அதற்குக் கைவில்லை போதும், மண்வெட்டி வேண்டாம்.

கேள்வி: மணற்காட்டில் சவுக்குத் தோப்பைத் தவிர என்ன இருக்கிறது?

மணல்மேடுகள் இருக்கின்றன, மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்கள் இருக்கின்றன, அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கின்றன. சவுக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் இலை என்று நினைக்கும் ஊசி, இலையல்ல, சிறுகிளை. கணுவில் இழுத்துப் பிரித்தால் ஏழெட்டுச் செதில்கள் பல்வரிசைபோல நிற்கும், அவைதாம் இலை. கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்துப் பாருங்கள், மரத்தில் ஒடிக்க வேண்டாம்.

கேள்வி: ஆண்பனை, பெண்பனையைக் கன்றிலேயே அறிய வழி உண்டா?

தோட்டத்தில் நின்று பார்த்து அறிய முடியாது. பாளை தள்ளட்டும், பத்துப் பதினைந்து வருடம் பொறுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் நிலாவரை, கீரிமலை, காரைநகர், நெடுந்தீவு நான்கையும் பார்க்க வான் கிடைக்குமா?

வான் கிடைக்கும். நெடுந்தீவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். படகு நேரம் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.