மூக்குத்தி ஒளிரட்டும், முகம் கரைய வேண்டாம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா நடத்திய ஸ்டுடியோவை மூடிப் பல வருடம் ஆகிறது. அவருடைய மமியா ஆர்பி67 ஃபிலிம் கேமராவும் 127 மி.மீ. லென்ஸும் என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. எங்கள் ஆயாவை, பழைய ஸ்டுடியோ படங்களில் வருகிற மாதிரி மெல்லிய ஒளி படர்ந்த ஒரு போர்ட்ரெயிட் எடுக்க ஆசை. அதற்கு சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா, ஃபில்டர் போதுமா? பிரிண்ட் போடும்போது, நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெட் துணி கட்டினாலே போதும் என்கிறார் நண்பர் ஒருவர். சரியா?"

நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். எடுக்கும்போது லென்ஸின் முன்னால் நெட் கட்டினால் வெளிச்சமான இடம் இருட்டுக்குள் கசியும். ஆயாவின் கல் மூக்குத்தியைச் சுற்றி ஒளி பூக்கும். என்லார்ஜரில் கட்டினால் நடப்பது தலைகீழ். நெகட்டிவில் ஒளி ஊடுருவும்படி தெளிவாக இருப்பது நிழல் பகுதி. அதன் வழியே வருகிற ஒளிதான் சிதறும். அதனால் பிரிண்டில் கறுப்பு, வெள்ளைக்குள் கசியும். நரைமுடியின் ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். அந்த வேலையைக் கேமராவிலேயே முடிப்பதுதான் சரி.

நல்ல சாஃப்ட் படத்தில் அடியில் கூர்மையான பிம்பம் ஒன்று கட்டாயம் இருக்கும். கண்ணிமையை எண்ணலாம். அதன் மேல்தான் ஒளிப்படலம் விரியும். அடியில் கூர்மை இல்லாவிட்டால் அது வெறும் ஃபோகஸ் தவறிய படம். சாஃப்ட் லென்ஸ் இதை எப்படிச் செய்கிறது? சாதாரண லென்ஸில், ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே இடத்தில் குவியும்படி குறையைத் திருத்தியிருப்பார்கள். சாஃப்ட் லென்ஸில் அந்தத் திருத்தத்தை வேண்டுமென்றே பாதியில் விட்டிருப்பார்கள். நடுக்கதிர் கூர்மையைத் தரும், ஓரக்கதிர் படலத்தைத் தரும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் திறப்பை, சுருக்கினால் ஓரக்கதிர் தடைபடும், படலமும் போய்விடும்.

இதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஆயாவை எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறீர்கள்? அப்பாவின் ஸ்டுடியோ ஃபிளாஷை எடுத்து எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால் சாஃப்ட் லென்ஸுக்குப் பணம் போடாதீர்கள். அந்த இடத்தில் அது சாதாரண லென்ஸ் மாதிரிதான் நடந்துகொள்ளும். எஃப் 4, எஃப் 5.6 என்று திறந்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் பேச விஷயம் உண்டு.

உங்கள் கேமராவுக்கு என்றே மமியா செய்தது 150 மி.மீ. எஃப் 4 எஸ்எஃப் சி என்ற சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் ஏறக்குறைய 75 மி.மீ. பார்வை, போர்ட்ரெயிட்டுக்குப் பொருத்தமான நீளம். இதோடு சல்லடை மாதிரித் துளையிட்ட மூன்று டிஸ்க்குகள் வரும். நடுவில் பெரிய துளை, சுற்றிலும் சின்னத் துளைகள். லென்ஸின் முன்பகுதியைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். நடுத்துளை கூர்மையைக் காப்பாற்றும், சுற்றுத் துளைகள் படலத்தை அளந்து விடும். டிஸ்க் ஒளியையும் தின்னும் என்பதால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். பழைய சாமான்களோடு விற்கும்போது லென்ஸ் மட்டும் இருக்கும், டிஸ்க்குகள் காணாமல் போயிருக்கும். இல்லாமலும் லென்ஸ் வேலை செய்யும், அப்பர்ச்சரை வைத்தே படலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் முழு விலை கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 180 மி.மீ. எஃப் 4 சாஃப்ட் லென்ஸ் ஒன்றும் மமியாவில் உண்டு. அது ஆர்இசட்67 என்ற வேறு கேமராவுக்கானது. ஆர்பி லென்ஸ் ஆர்இசட்டில் உட்காரும், ஆர்இசட் லென்ஸ் ஆர்பியில் உட்காராது. மமியா 645-க்கு 145 மி.மீ., பென்டாக்ஸ் 67-க்கு 120 மி.மீ. எஃப் 3.5 என்று மற்ற கேமராக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. உங்களுக்கு அவை ஆகாது.

இப்போது ஃபில்டர். சாஃப்டார் என்பது ஜெய்ஸ் என்ற லென்ஸ் கம்பெனியின் பெயரில் ஹாசல்பிளாட் கேமராக்காரர்கள் மாட்டுவது. தெளிவான தட்டின் மேல் நீர்த்துளி தெறித்த மாதிரிச் சின்னச் சின்னப் புடைப்புகள் சிதறிக் கிடக்கும். அப்பர்ச்சரைச் சுருக்கினாலும் ஏதாவது சில புடைப்புகள் கதிரின் வழியில் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் எஃப் 8-இலும் படலம் நிற்கும். ஃபிளாஷ் வைத்து எடுப்பவருக்கு இந்த வகைதான். அதற்கு முந்தையது டூட்டோ. ஹங்கேரிக்காரர்களான டுலோவிட்ஸ், டோத் இருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். கண்ணாடியில் வட்டம் வட்டமாகக் கோடு கீறியிருக்கும், நடுவில் வெற்றிடம். அப்பர்ச்சரைச் சுருக்கினால் வெற்றிடம் மட்டுமே மிஞ்சும், பலன் குறைந்துவிடும்.

ஆனால் நான் உங்களை முதலில் அனுப்புவது துணிக்கடைகள் உள்ள எம்.சி. ரோட்டுக்கு. கறுப்பு நைலான் நெட் துணி கால் மீட்டர் போதும். நான்கு அங்குல எம்ப்ராய்டரி வளையத்தில் மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள். ஊதுபத்தி முனையால் நடுவில் மிளகளவு ஓட்டை போட்டால் கண் கூர்மையாக நிற்கும், படலம் ஓரத்துக்குப் போகும். ஓட்டை இல்லாமல் ஒன்றும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நெட் வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் துணியே ஒளிர்ந்து, பிரிண்டில் கறுப்பு என்று ஒன்று இல்லாமல் போகும். நெட் அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). லைட் மீட்டருக்கு முன்னால் அதே துணியைப் பிடித்து அளந்துவிடுங்கள். ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு வளையத்தை வையுங்கள்.

வாஸ்லின் வேண்டாம். ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தில், சித்திரை வெயிலில், யூவி ஃபில்டர் விளிம்பில் தடவி எடுத்தேன். நாலாவது ஃப்ரேமுக்குள் உருகி நடுக்கண்ணாடிக்கு வழிந்துவிட்டது. மணமகள் முகம் மீதி ரோல் முழுக்கக் கரைந்து கிடந்தது. அந்தப் பெண் ஆல்பத்தைப் புரட்டியபோது முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

வெளிச்சம் சரியில்லாவிட்டால் எந்த லென்ஸும் உதவாது. மொட்டைமாடி மேகமூட்டத்தில் எடுத்தால் படலம் எதிலிருந்து கிளம்பும்? கிளம்ப ஓர் ஒளிர்ந்த புள்ளி வேண்டும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, உங்கள் சந்தில் வெயில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் அடிக்கும் நேரம், ஆயாவை வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பின்னாலிருந்து ஒரு கீற்று வெயில் நரைமுடியின் ஓரத்தில் பட்டால் அங்கேதான் படலம் அழகாகப் பூக்கும். பின்னணி இருட்டாக இருக்கட்டும், பச்சைக் கதவாக இருந்தாலும் சரி.

நேர் வெயிலில் வைக்காதீர்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் நேர் வெயிலுக்கு எஃப் 4 வைத்தால் 1/1600 நொடி கேட்கும், ஆர்பியின் ஷட்டர் 1/400-ஐத் தாண்டாது. கட்டாயம் என்றால் இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். வாசல் நிழலில் ஐஎஸ்ஓ 125 ஃபிலிம் போட்டால் எஃப் 4, 1/250 சுற்றியே வரும், கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். கொஞ்சம் அதிகமாக எக்ஸ்போஸ் செய்தால் படலம் தடித்துவிடும், கல் மூக்குத்தி முட்டைப்பொரியல் மாதிரிப் பரவிவிடும். ஆகவே அளந்தபடி ஒன்று, அரை ஸ்டாப் குறைத்து ஒன்று எடுங்கள்.

120 ரோலில் உங்களுக்குப் பத்து ஃப்ரேம். இரண்டு வெறும் லென்ஸில், மூன்று ஓட்டையுள்ள நெட்டில், மூன்று ஓட்டையில்லாததில், மீதி இரண்டு எஃப் 8-இல் நெட்டோடு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். பிரிண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஆயாவிடமே காட்டுங்கள். எஃப் 8-இல் எடுத்தது அவருக்குப் பிடித்தால் சாஃப்டார் வகை ஃபில்டர் தேடுங்கள், லென்ஸை மறந்துவிடுங்கள். எஃப் 4-இல் எடுத்தது பிடித்து, படலம் இன்னும் மெல்லியதாக, கண்ணிமை இன்னும் தெளிவாக வேண்டும் என்று தோன்றினால் 150 எஸ்எஃப் தேடலாம். அந்த லென்ஸில் எடுக்கும்போது பயன்படுத்தும் அப்பர்ச்சரிலேயே லென்ஸின் டெப்த் பிரிவியூவை (அப்பர்ச்சரைச் சுருக்கிக் காட்டும் நெம்புகோலை) அழுத்தி ஃபோகஸ் செய்யுங்கள். சுருக்கும்போது ஃபோகஸ் சற்று நகரும்.

வாங்கும்போது லென்ஸைச் சாய்த்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். நம் பக்கம் கடற்காற்றின் ஈரம், பூஞ்சை வலை விரிக்க அதிக நாள் ஆகாது. பூஞ்சை பிடித்ததும் படத்தை மங்கலாக்கும், அதையே "சாஃப்டா வரும் சார்" என்று விற்கிறவர்கள் உண்டு. சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், தோல் பையில் வேண்டாம். அப்பாவின் 127 இப்போது எங்கே இருக்கிறது? அதையும் இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள்.