தசைநாண் கிழிந்த குதிரையை நீந்தவிடலாமா?

கேள்வி: எங்களிடம் 7 வயதுச் செவலைப் பெட்டைக்குதிரை இருக்கிறது. அந்தியூர் சந்தையில் வாங்கியது. வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கும்போது இடது முன்னங்காலின் பின்பக்கம் வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துத் தசைநாண் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மாதமாக லாயத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். இப்போது நொண்டவில்லை, ஆனால் நன்றாகக் கொழுத்துவிட்டது. வெளிநாட்டில் அடிபட்ட குதிரைகளை நீந்தவிடும் வீடியோக்களைப் பார்த்தேன். எங்கள் பண்ணைக்குட்டையில் 10 அடி தண்ணீர் நிற்கிறது. அதில் விடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பண்ணைக்குட்டையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். குட்டையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால், பாசி பிடித்த பிறகு அதில் மனிதர்களுக்கே கால் நிற்காது. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள குதிரை அந்தச் சரிவில் ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி விழும். மிரண்டுபோன குதிரையைக் கரையில் நின்று கயிறு போட்டு இழுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீடியோவில் நீங்கள் பார்த்த குளங்கள் வேறு மாதிரி கட்டப்பட்டவை. சொரசொரப்பான சாய்தளம் இருக்கும், குதிரை நடந்தே இறங்கி நடந்தே ஏறும். இரண்டு பக்கமும் நீளக் கயிறு பிடித்து ஆட்கள் கூடவே வருவார்கள்.

சரி, அப்படி ஒரு நல்ல குளம் இருந்தால் விடலாமா? இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நீந்தும் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு பாடுபடுகிறது என்று தெரியும். மூக்குத்துளை இரண்டும் விரிந்து, ஒவ்வொரு மூச்சையும் உறுமலோடு வெளியே தள்ளும். குதிரையால் நம்மைப் போல வாயால் மூச்சு விட முடியாது. தண்ணீர் வேறு நெஞ்சை அழுத்துவதால் மூச்சை உள்ளே இழுப்பதே அதற்குப் பெரிய வேலை. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம் நீச்சலில் 150-ஐத் தாண்டிவிடும். காலில் துளி பாரம் ஏறாமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இவ்வளவு வேலை கிடைப்பதால்தான் பந்தயக் குதிரைகளை நீந்தவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் குதிரைக்குப் பழுது நுரையீரலில் இல்லை, தசைநாணில். கிழிந்த இடத்தில் இப்போது வளர்வது தழும்புத் திசு. அதன் இழைகள் முதலில் தாறுமாறாகத்தான் கிடக்கும். காலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற ஏறத்தான் அவை நீளவாக்கில் வரிசைப்பட்டு வலுப்பெறும். அந்தப் பாரத்தை நீச்சல் தராது. எலும்புக்கும் இதே கதைதான்.

நான் பார்த்த ஒரு பந்தயக் குதிரைக்கும் இதே காயம். நான்கு மாதம் தினமும் நீந்தவிட்டார்கள். உடம்பு மினுமினுவென்று ஆகி, மூச்சும் பிரமாதமாக வந்துவிட்டது. அதை நம்பி வேகமாக ஓட்டினார்கள். மூன்றாம் நாளே அதே இடம் மறுபடி கிழிந்தது, முன்பைவிட மோசமாக. அப்புறம் அது ஓடவே இல்லை. அன்று நான் இன்னும் பிடிவாதமாகத் தடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். நொண்டல் நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் அந்தக் குதிரைதான் ஞாபகத்துக்கு வந்தது. நொண்டல் சில வாரங்களில் நின்றுவிடும். தசைநாண் தேற 9 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

தண்ணீரால் தேறிய குதிரை என்றாலே இங்கிலாந்தின் ரெட் ரம்மைச் சொல்வார்கள். குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி இருந்த குதிரை அது. சவுத்போர்ட் கடற்கரையில் கடல்நீரில் நடக்கவிட்டும் ஈர மணலில் ஓடவிட்டும் பழக்கினார்கள். 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. கவனியுங்கள், அது தண்ணீரில் நடந்தது, காலை ஊன்றி நடந்தது. தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் குதிரையை நடக்கவிடும் இயந்திரங்களும் இதே வழிதான். இடுப்பு எலும்பு வரை தண்ணீர் நின்றால் காலில் ஏறும் பாரம் முக்கால் பங்கு குறையும், முழங்கை வரை என்றால் 10 முதல் 15 சதவீதம்தான். தண்ணீரின் உயரத்தை வைத்தே பாரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதற்காகக் காவிரியிலோ பவானியிலோ இறக்க வேண்டாம். அணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. மணல் புதைகிற இடம் தசைநாணுக்கு ஆகவே ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது மறு ஸ்கேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். கிழிசல் நிரம்பி வருகிறது என்று தெரிந்தால், சமமான கெட்டித் தரையில் காலையும் மாலையும் 10 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். இரண்டு மாதம் கட்டிக் கிடந்த குதிரை துள்ளும், அதனால் கடிவாளம் போட்டே வெளியே கொண்டுவாருங்கள். நடந்து வந்தபின் பம்புசெட் தண்ணீரை அந்தக் காலில் 15, 20 நிமிடம் பீய்ச்சுங்கள். உடம்பு குறைய நீச்சல் தேவையில்லை. கொள்ளையும் தவிட்டையும் படிப்படியாகக் குறையுங்கள், புல்லைக் குறைக்க வேண்டாம்.

தினமும் நடத்துவதற்கு முன் இரண்டு முன்னங்கால்களிலும் புறங்கையை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, பின்பக்கத் தசைநாணை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தாலோ, காதைப் பின்னுக்கு மடக்கினாலோ அன்றைய நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.